கம்பி, ஆசிட், கார்பன் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கோவைக்கு அருகே கம்பி இழுக்கும் சிறிய யூனிட் ஒன்றை அண்ணனும் நானும் நடத்துகிறோம். 5.5 மி.மீ. வயர் ராடு (மில்லில் சூடாக உருட்டிய தடித்த கம்பி) வாங்கி, டை எனும் துளையுள்ள அச்சுகளின் வழியே 2.5 மி.மீ. வரை இழுக்கிறோம். பெரும்பகுதி ஆணிக்கும் வலைக்கும் போகிறது. ஒரு பகுதி போல்ட் அடிப்பவர்களுக்கு. ராடின் மேல் உள்ள செதிலை (சூட்டில் படியும் ஆக்சைடு ஓடு) கரைக்கும் ஆசிட் தொட்டியை மூடிவிட்டு, ராடை ரோலரில் வளைத்துச் செதில் உதிர்க்கும் மெஷின் போடச் சொல்கிறார்கள். அது எல்லாக் கம்பிக்கும் சரிவருமா? விலை குறைவென்று வேறு மில்லின் ராடுக்கு மாறியதிலிருந்து கம்பி அடிக்கடி அறுகிறது. டை விற்பவர் ராடைக் குறை சொல்கிறார், ராடு விற்பவர் டையை. போல்ட் கம்பெனி ஐரோப்பாவுக்கு அனுப்புவதால், ஒரு டன் கம்பிக்கு எத்தனை டன் கார்பன் என்று கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறது. எங்களிடம் புகைபோக்கி என்று இருப்பதே கம்பியைச் சுட்டு மிருதுவாக்கும் ஒரு அனீலிங் உலைக்குத்தான். இதற்கு நடுவில் பைப் செய்யும் பழைய டியூப் மில் ஒன்று விலைக்கு வருகிறது, அதற்கு மாறிவிடலாமா என்கிறார் அண்ணன்.

ம.,
கோவை

அன்புள்ள ம.,

உங்கள் முதல் மூன்று கேள்விகளும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன: என்ன ராடு வாங்குகிறீர்கள் என்பதில். சிக்கல் என்னவென்றால், ஆசிட்டைக் கைவிடுவதற்கு ஏற்ற ராடு, அறாமல் இழுபடும் ராடு, கார்பன் கணக்கில் குறைவாக வரும் ராடு, இவை மூன்றும் ஒன்றாக இருப்பதில்லை. அறுபடுவதிலிருந்து தொடங்குகிறேன்.

அறுந்த நுனிகளைப் பழைய இரும்பில் போடாமல் ஒரு வாரம் சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஹீட் நம்பரையும் (எந்த உருக்கில் வந்த ராடு என்று காட்டும் எண்) எத்தனையாவது டையில் அறுந்தது என்பதையும் சீட்டெழுதிக் கட்டுங்கள். இரண்டு நுனிகளும் தேவை. ஒரு நுனி கிண்ணம் போலக் குழிந்து, எதிர்நுனி கூம்பாக நீட்டிக்கொண்டிருந்தால் கம்பி நடுவில் உள்ளுக்குள்ளேயே முன்பே வெடித்திருக்கிறது. ஒரு பக்கம் சீவிவிட்டதுபோல் நாக்காகப் பிளந்திருந்தால் ராடு உருட்டும்போதே மடிப்போ கீறலோ விழுந்திருக்கிறது. நுனி இழுபட்டு மெலிந்து அறுந்திருந்தால் இழுவிசை கூடிவிட்டது. டைக்கு முன்னால் உள்ள சோப்புப் பெட்டியில் மசகுத் தூள் குகைபோல் குடைந்துகொண்டு கம்பி காய்ந்து ஓடியிருக்கும், அல்லது அந்த டையில் குறைப்பு (கம்பியின் குறுக்குப்பரப்பு குறையும் அளவு) அதிகம். ராடோடு ராடு ஒட்டிய வெல்டுக்குப் பக்கத்தில் சட்டென்று ஒடிந்திருந்தால் வெல்டை அனீல் செய்யவில்லை, அல்லது பிசிறை ஒழுங்காகத் தேய்க்கவில்லை.

கிண்ணமும் கூம்புமாக வருவதில்தான் டைக்காரருக்கும் ராடுக்காரருக்கும் சண்டை. இருவர் பேச்சிலும் உண்மை இருக்கலாம். டையின் கோணம் அகலமாகவும் குறைப்பு சிறிதாகவும் இருந்தால் கம்பியின் தோல் மட்டும் வேலை வாங்கப்பட்டு நடுப்பகுதி இழுவையில் தவிக்கும். இதை அளக்க டெல்டா என்றொரு எண் உண்டு. முழுக்கோணம் 12 பாகை, பரப்புக் குறைப்பு 20 சதவீதம் என்றால் டெல்டா சுமார் 1.9. கோணம் 16 பாகை, குறைப்பு 10 சதவீதம் என்றால் 5.3. மூன்றைத் தாண்டினாலே நடுவெடிப்புக்கு வழி திறந்துவிடும். தேய்ந்த டையைத் திரும்பத் திரும்பப் பாலிஷ் போட்டுப் பெரிதாக்கும்போது கோணமும் மெல்ல அகன்றுவிடுகிறது. கடைசி டையில் அளவு சரிபார்க்கவென்று 8, 10 சதவீதம் மட்டும் குறைப்பதும் பலர் வழக்கம். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

5.5இலிருந்து 2.5க்கு மொத்தப் பரப்புக் குறைப்பு 79 சதவீதம். ஏழு டையில் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 20 சதவீதம்: 4.92, 4.40, 3.94, 3.52, 3.15, 2.82, கடைசியில் 2.52 மி.மீ. ஆறு டையில் முடிக்கிறீர்கள் என்றால் 23 சதவீதம் விழும்: 4.82, 4.23, 3.71, 3.25, 2.85, 2.50. மெல்லிரும்பு ராடு ஆறையும் தாங்கும். புது ராடைப் பொறுத்தவரை ஏழுக்குப் போங்கள். உங்கள் டைகளை இந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா ஹீட்டிலும் கிண்ணம் விழுந்தால் டையைச் சந்தேகியுங்கள், ஒரு ஹீட்டில் மட்டும் விழுந்தால் ராடின் நடுவில் கார்பனும் கந்தகமும் பாஸ்பரஸும் திரண்டு நிற்கின்றன.

விலை குறைந்த ராடில் இன்னொரு கோளாறு உண்டு, அது அறுந்த நுனியில் தெரியாது. ஆக்ஸிஜன் ஊதி உருக்கும் பெரிய மில்களின் எஃகில் நைட்ரஜன் பொதுவாகப் பத்து லட்சத்தில் 30 முதல் 50 பங்கு. பழைய இரும்பை மின் உலையில் உருக்கினால் 70 முதல் 110 வரை போகும். கம்பி இழுக்கும்போது உண்டாகும் சூட்டில் இந்த நைட்ரஜன் நகர்ந்து எஃகைப் பூட்டிவிடுகிறது. முதல் டைகளில் வெண்ணெய்போல் ஓடிய கம்பி ஐந்தாவது, ஆறாவது டையில் விறைத்துக்கொண்டு அறுவது இதனால்தான். இழுத்த கம்பியில் ஒரு துண்டை அன்றே இழுவிசைச் சோதனைக்குப் போடுங்கள். அதன் பக்கத்துத் துண்டைக் கொதிநீரில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்துச் சோதியுங்கள். பலம் கூடி, ஒடியும்வரை வளைக்கும் எண்ணிக்கை குறைந்தால் நைட்ரஜன்தான். இதற்கு மருந்து மில்லிலேயே உண்டு: போரான் சேர்த்து நைட்ரஜனைக் கட்டிவைப்பது. எடையில் நைட்ரஜனுக்குச் சுமார் 0.8 பங்கு போரான் வேண்டும். மில் தரும் சான்றிதழில் கார்பன், மாங்கனீஸ் எல்லாம் இருக்கும், நைட்ரஜன் வரி பெரும்பாலும் இருக்காது. கேட்டு வாங்குங்கள். செம்பு அளவையும் கேளுங்கள். 0.2 சதவீதத்துக்கு மேல் போனால் உருட்டும்போதே மேற்பரப்பில் நுண்விரிசல் விழ இடமுண்டு.

சூடு பற்றிப் பேசும்போது ஒன்று: கம்பியை இழுத்துச் சுற்றும் உருளையான பிளாக்குக்குள் ஓடும் தண்ணீர் போர்வெல் தண்ணீராக இருந்தால் உள்சுவரில் சுண்ணாம்பு படிந்து ஓடு கட்டும். வெளியே தண்ணீர் நன்றாகத்தான் வரும், கம்பி மட்டும் கொதிக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது பிளாக்கைத் திறந்து பாருங்கள்.

இனி ஆசிட். ஒரு டன் 5.5 மி.மீ. ராடு என்பது ஏறக்குறைய 5,360 மீட்டர் நீளம், 93 சதுர மீட்டர் மேற்பரப்பு. செதில் 10 மைக்ரான் கனம் என்றால் டன்னுக்கு 5 கிலோ. அதைக் கரைக்க மட்டும் 5 கிலோ தூய ஹைட்ரோகுளோரிக் அமிலம் போகும், கடையில் வாங்கும் ஆசிட்டாகச் சொன்னால் 15, 16 கிலோ. இரும்பையே தின்பதும் கம்பியோடு ஒட்டிக்கொண்டு வெளியேறுவதும் தனி. அதற்குப் பிறகு கழிவு ஆசிட், கழுவிய நீர், சுண்ணாம்பு போட்டு இறக்கிய சேறு. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இவை உலோக மேற்பரப்பு வேலைகளுக்கான பிரிவில் வருகின்றன. ஆக ஆசிட் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ரோலர் முறையில் ராடை இரண்டு திசைகளில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வளைக்கிறோம். வெளித்தோல் ஏழெட்டு சதவீதம் நீண்டால் செதில் நொறுங்கும். 5.5 மி.மீ. ராடுக்கு ரோலரின் பள்ளத்தில் அளந்த விட்டம் 70 மி.மீ. என்றால் 7.3 சதவீதம் கிடைக்கிறது. ரோலர் பெரிதாக இருந்தால் செதில் விரிசல் விடும், உதிராது. மெஷின் விற்பவர் பல அளவு ராடுக்கும் ஒரே ரோலர் போதும் என்றால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்: ராடு விட்டத்தை, ராடு விட்டமும் ரோலர் விட்டமும் கூட்டியதால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். பின்னால் பிரஷ்ஷோ எமரி பெல்ட்டோ தூளைத் துடைக்கும்.

ஆனால் எல்லாச் செதிலும் உதிராது. ராடு சூடாக வளையம் வளையமாக விழும்போது வெப்பம் 850, 900 பாகைக்கு மேல் இருந்தால் தடித்த, நொறுங்கும் செதில் உண்டாகும். குறைந்த வெப்பத்தில் விழுந்தால் மெல்லிய, ஒட்டிக்கொள்ளும் செதில். அது ஆசிட்டில் சீக்கிரம் போகும், ரோலருக்கு மசியாது. தடித்த செதிலும் 570 பாகைக்குக் கீழே மெதுவாக ஆறினால் மேக்னடைட் என்ற வேறு ஆக்சைடாக மாறிப் பிடித்துக்கொள்கிறது. ராடு மிருதுவாக வேண்டுமென்று மெதுவாக ஆறவைக்கச் சொல்வதும் ரோலரில் செதில் உதிர வேண்டும் என்பதும் இங்கே இழுபறி. அதனால் ஆர்டர் போடும்போதே 'ரோலரில் செதில் நீக்கத்துக்கு' என்று எழுத வேண்டும். துருப்பிடித்த ராடுக்கு ரோலர் உதவாது. செந்துரு குழிகளில் தங்கி முதல் டையை அரைத்துவிடும். மழைக்காலத்தில் ராடைத் திறந்தவெளியில் அடுக்கும் வழக்கம் இருந்தால் மெஷின் வாங்குவதற்கு முன் கூரை போடுங்கள்.

மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. 30 செ.மீ. ராடை எடை போடுங்கள். எட்டு சதவீதம் இழுத்து நீட்டி, துணியால் துடைத்து மறுபடி எடை போடுங்கள். பிறகு இரும்பைத் தின்னாமல் காக்கும் மருந்து கலந்த ஆசிட்டில் முக்கி, கழுவிக் காயவைத்து மூன்றாவது எடை. இழுத்ததில் போன எடையையும் ஆசிட்டில் போன எடையையும் ஒப்பிடுங்கள். பின்னது முன்னதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மில்லின் ராடை ரோலருக்கு எடுக்க மாட்டேன்.

ஆணிக் கம்பிக்கும் வலைக் கம்பிக்கும் ரோலர் சரி. ஆசிட்டுக்குப் பின் போடும் பாஸ்பேட் பூச்சு இதில் இல்லாததால் சோப்பைப் பிடித்து இழுத்துச்செல்ல ஒரு பூச்சு வேண்டும். போராக்ஸ் நெடுங்காலமாக இருந்தது. 2010இல் ஐரோப்பா அதைக் கவலைக்குரிய வேதிப்பொருட்களின் பட்டியலில் சேர்த்த பிறகு போராக்ஸ் இல்லாத உப்புப் பூச்சுகள் பரவிவிட்டன. எதைப் போட்டாலும் நன்றாகக் காய்ந்த பிறகே சோப்புப் பெட்டிக்குள் போக வேண்டும். ஈரக்கம்பி நுழைந்தால் சோப்பு கட்டி தட்டிவிடும். போல்ட் கம்பிக்கு மட்டும் ஆசிட்டையும் பாஸ்பேட்டையும் கைவிடாதீர்கள். தலை அடிக்கும் அச்சில் கம்பியைக் காப்பாற்றுவது அந்தப் பாஸ்பேட்தான். தொட்டியைச் சிறிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்தப் பகுதியை வெளியே கொடுத்து வாங்குங்கள்.

கார்பன் படிவத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் ஏற்பாட்டில் 2023 அக்டோபர் முதல் 2025 முடிய கணக்குக் காட்டினால் போதுமாக இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்தக் கணக்குக்குப் பணம். முதல் பட்டியலிலேயே போல்ட், ஸ்குரூ இருக்கின்றன. கம்பியும் இருக்கிறது. ஆணியும் கம்பி வலையும் அந்தப் பட்டியலில் இல்லை. வருடத்துக்கு மொத்தம் 50 டன்னுக்குள் இறக்குமதி செய்யும் ஐரோப்பிய வியாபாரிக்கு விலக்கு உண்டு. ஆகவே உங்கள் வாடிக்கையாளர் எவ்வளவு அனுப்புகிறார் என்பதைவிட அங்கே வாங்குபவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள்.

இரும்புப் பொருட்களுக்கு இப்போது நேரடி உமிழ்வுதான் கணக்கு. உங்கள் மோட்டார்கள் தின்னும் மின்சாரம் இதில் வராது. அனீலிங் உலையில் டன்னுக்கு 25 கிலோ எல்பிஜி எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 75 கிலோ. ராடில் சேதாரம் 2 சதவீதம். ஊதுலையில் (தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் பெரிய உலை) வந்த ராடு என்றால் டன்னுக்கு 2.3 டன் அளவில் வைக்கலாம். 1.02ஆல் பெருக்கினால் 2.35, உங்கள் 75 கிலோவையும் சேர்த்தால் 2.42 டன். இதில் உங்கள் பங்கு 3 சதவீதம். உலையை மாற்றிக் குறைப்பது நல்லதுதான், ஆனால் படிவத்தில் எண்ணை நகர்த்துவது ராடு மட்டுமே. மில்லிடமிருந்து உண்மையான எண் வராவிட்டால் ஐரோப்பா தன் இயல்பு மதிப்பைப் போட்டுக்கொள்ளும். அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

இங்கே ஒரு பொறி. மின் உலை என்றதும் பசுமை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய இரும்பை மட்டும் உருக்கினால் ஊதுலையின் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் நிற்கும். தாதுவை நிலக்கரியில் சுட்டெடுத்த ஸ்பாஞ்ச் அயர்னை, அதுவும் மின்சாரத்தில் ஓடும் இண்டக்‌ஷன் உலையில் போட்டு உருக்கினால் ஊதுலையையும் மிஞ்சக்கூடும். நீங்கள் மாறிய மில் எதை உருக்குகிறது? மத்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட வகைப்பாட்டில் டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால் பசுமை எஃகு, 1.6க்குக் கீழே ஐந்து நட்சத்திரம். நட்சத்திரம் வாங்கிய மில்லா என்று கேட்பது எளிய வழி. அப்படிக் குறைந்த எண்ணோடு வரும் பழைய இரும்பு ராடில்தான் மேலே சொன்ன நைட்ரஜனும் செம்பும் கூடுதலாக இருக்கும். போல்ட் கம்பிக்குப் போரான் போட்ட, குறைந்த கார்பன் எண்ணுள்ள ராடையும், ஆணிக்குச் செதில் நன்றாக உதிரும் ராடையும் தனித்தனியே வாங்குங்கள். ஒரே ராடில் எல்லாவற்றையும் இழுக்கும் வசதி போய்விடும், கிடங்கில் இரண்டு அடுக்கு வரும், ஹீட் நம்பர் கலக்காமல் பார்க்க ஒரு ஆள் வேண்டும். வேறு வழி தெரியவில்லை.

டியூப் மில். அண்ணனிடம் சொல்லுங்கள், அது வேறு தொழில். ராடு போய் எச்.ஆர். காயில் (சூடாக உருட்டிச் சுருட்டிய தகடு) வரும். இறக்குமதியாகும் தட்டை எஃகுக்கு 2025 ஏப்ரலில் 12 சதவீதப் பாதுகாப்பு வரி விழுந்ததும் அந்தக் காயிலுக்குத்தான். 48.3 மி.மீ. வெளிவிட்டம், 3.2 மி.மீ. கனமுள்ள பைப்புக்குக் காயிலிலிருந்து நறுக்கும் ஸ்ட்ரிப்பின் அகலம் 142 மி.மீ., அதோடு வெல்டில் பிதுங்குவதற்குக் கொஞ்சம். விளிம்பில் பிசிறோ வளைவோ இருந்தால் இரண்டு விளிம்பும் ஒழுங்காகச் சந்திக்காது. பார்க்கச் சுத்தமாக இருக்கும் வெல்டு தட்டையாக நசுக்கும் சோதனையில் வாய் பிளக்கும். பழைய மில்லைப் பார்க்கப் போனால் பெயின்டைப் பார்க்காதீர்கள். ஓட்டிக் காட்டச் சொல்லி, வெல்டு கருவியின் மின்சக்தி மீட்டரைக் கவனியுங்கள். அதே பைப், அதே வேகத்தில் மீட்டர் மெல்ல ஏறிக்கொண்டே போனால் பைப்புக்குள்ளே இருந்து வெல்டு சூட்டை விளிம்பில் குவிக்க உதவும் ஃபெரைட் தண்டுக்குத் தண்ணீர் போதவில்லை, சூடேறிக் காந்தத்தன்மையை இழக்கிறது. தண்டு மலிவு, மாற்றிவிடலாம். ரோல் ஷாஃப்டுகளில் டயல் வைத்து ஆட்டம் பாருங்கள். ஆட்டம் அங்கே இருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.