அப்பாவின் துப்பாக்கியை விற்கலாமா?

கேள்வி: அப்பா நான்கு மாதங்களுக்கு முன் காலமானார். அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கியும் சில தோட்டாக்களும் பீரோவில் இருக்கின்றன. உரிமம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், "உரிமப் புத்தகத்தோடு கொடுங்கள், என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்று முன்பணம் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. முன்பணத்தைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

உரிமம் அப்பாவின் பெயருக்குக் கொடுத்தது. அவரோடு அதுவும் முடிந்தது. புத்தகத்தில் எந்தத் தேதி இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகமாக 5 ஆண்டு சிறை.

அதனால் விற்பனைப் பேச்சைத் தள்ளி வையுங்கள். முதல் வேலை, பக்கத்துக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, துப்பாக்கியை ஒப்படைப்பது. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலும் ஒப்படைக்கலாம். தோட்டாக்களையும் சேர்த்துக் கொடுங்கள். அவற்றைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குழலில் தோட்டா இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாவிட்டால் தொடாமல், நிலையத்தில் சொல்லி ஆளை வரச் சொல்லுங்கள்.

"வாரிசு சான்றிதழ் கொண்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்று சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். இது எனக்கு ஆத்திரம் வரும் விஷயம். தாசில்தார் அலுவலகத்துக்கு நடந்து சான்றிதழ் வாங்கும்வரை துப்பாக்கி யார் வீட்டில் கிடப்பது? சட்டம் தாமதமில்லாமல் ஒப்படைக்கச் சொல்கிறது. வாங்க மறுத்தால் கலெக்டருக்கோ, மாநகரமென்றால் கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். குழலில் பொறித்த எண்ணும் ரசீது எண்ணும் ஒன்றா என்று இலக்கம் இலக்கமாகப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் ரசீதில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. அதைத் திருத்த அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அப்புறம் விற்கலாம். வாங்குகிறவர் தன் பெயரில் உரிமம் வைத்திருக்க வேண்டும். தனியாருக்கு விற்பதென்றால் அவர் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் பொறுக்க வேண்டும். "நானே மாற்றிக்கொள்கிறேன்" என்கிறவர் இதையெல்லாம் செய்ய மாட்டார். நாளை அந்தத் துப்பாக்கி எங்காவது வெடித்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்கும் தரகர்களுக்கும் இதே பதில்தான்.

விற்க மனமில்லையா? வாரிசுகளில் ஒருவர், மற்றவர்களின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதத்தோடு, தன் பெயரில் உரிமம் கேட்கலாம். அவரிடம் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருந்தால் கிடைக்காது.

உங்களுக்கு இனி உதவாத ஒன்றையும் சொல்கிறேன், உங்கள் சித்தப்பா, மாமாவுக்கு உதவும். 2016 விதிகளின்படி உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, தான் குறிப்பிடும் வாரிசுக்கு உரிமம் போகச் செய்யலாம். அவருக்கு 70 வயதாக வேண்டும், அல்லது துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்திருக்க வேண்டும். இரண்டும் சேர வேண்டும் என்று அலுவலகத்திலேயே தப்பாகச் சொல்கிறார்கள். இரண்டில் எது முதலில் வருகிறதோ அது போதும். 55 வயதுக்காரர் 30 வயதில் வாங்கியிருந்தால் இன்றைக்கே விண்ணப்பிக்கலாம். 70 வயதுக்காரர் போன வருடம் வாங்கியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் நாளைக் காலையிலேயே நிலையத்துக்குக் கடிதம் கொடுங்கள். இறப்புச் சான்றிதழ் நகலும் உரிமப் புத்தகத்தின் நகலும் இணைத்தால் போதும். இரண்டாம் பிரதியில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.