‘வாயப்பயம்’ என்று வாசித்த பையனுக்கு எத்தனை மதிப்பெண்?

வடசென்னையிலிருந்து பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வாசிப்புத் தேர்வு வைத்தாராம். ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாயப்பயம்’ என்று வாசித்த பையனுக்குப் பத்துக்கு நான்கு. பாடப்புத்தகப் பாடலைத் தங்குதடையின்றிச் சொன்ன சிறுமிக்குப் பத்துக்குப் பத்து. மறுநாள் அதே பாடலின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால், சிறுமி விழிக்கிறாள். ‘மதிப்பிடவே தெரியாத நான் ஆசிரியர் வேலைக்கு லாயக்குதானா?’ என்பது கேள்வி. கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில், அம்மா ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்லுங்கள்.’

அம்மாவுக்குப் பிறகு வருகிறேன். முதலில் மகள்.

முழு மதிப்பெண் போட்ட பிறகும் சந்தேகம் தீராமல் மறுநாள் போய் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டீர்களே, அதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் அதைச் செய்யாமல் விடுவதுண்டு. மனப்பாடத்தையும் வாசிப்பையும் பிரித்துப் பார்க்க அதைவிட எளிய சோதனை இல்லை.

பையன் விஷயத்தில்தான் சறுக்கினீர்கள். சென்னைப் பேச்சில் ழகரம் யகரமாவது ஊரறிந்தது. அவன் எழுத்தை அடையாளம் கண்டான், பொருளும் புரிந்தது, வீட்டு நாக்கில் சொன்னான். உச்சரிப்பைத் தனியாகத் திருத்தலாம். வாசிப்பில் அது பிழையே இல்லை. அவனே சொல்வதெழுதலில் ‘வாயப்பயம்’ என்று எழுதினால், காதில் விழுந்ததை எழுதுகிறான் என்று பொருள். அதற்கு வேறு பயிற்சி. கவலைப்பட வேண்டியது ‘கெடு’வையும் ‘கேடு’வையும் ஒன்றுபோல வாசிக்கும் பிள்ளையைப் பற்றி. ‘கொடி’யைப் பாருங்கள்: கொம்பு முன்னால், கால் பின்னால், ஒலி நடுவில் உள்ள எழுத்திலிருந்து தொடங்குகிறது. கண்ணும் வாயும் ஒரே வரிசையில் போவதில்லை. உகர, ஊகாரக் குறிகளோ எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுபவை; கு, சு, து, மு என்று எழுதிப் பார்த்தாலே தெரியும். 247 எழுத்து என்று மிரட்டுகிறோம். பிள்ளை தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்தச் சில குறிகளில்தான். எந்தக் குறியில் விழுந்தான் என்று குறித்துக்கொள்ளாத நான்கு மதிப்பெண்ணால் யாருக்கும் பயனில்லை.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். பெயர்கள் அழகு. ஆனால் தான் எந்த வரிசை என்பது எந்தப் பிள்ளைக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். நீங்கள் பிரிக்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

இனி அம்மாவுக்கு. உங்கள் பயம் நியாயமானது. ஆசிரியர் தகுதித் தேர்வு 150 வினாக்கள். மகள் எழுத வேண்டியது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான இரண்டாம் தாள். அதில் தேறினாலும் அரசு வேலை கைக்கு வந்துவிடாது, நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. 2023 ஆகஸ்ட் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பி.எட். மட்டும் வைத்துக்கொண்டு தொடக்கப்பள்ளி ஆசிரியராக முடியாது. ஆனால் வாசிக்கத் திணறும் பிள்ளையை அடையாளம் காணும் கண் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புக் கல்வி. முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்தில் அதற்கான பி.எட். படிப்பு நடக்கிறது, முடித்தபின் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு ஆண்டு கூடுதல் படிப்பு, கூடுதல் செலவு. குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். வங்கித் தேர்வை அவர் விரும்பினால் எழுதட்டும், விரட்டி அனுப்பாதீர்கள்.

மகளுக்கு ஒன்று மிச்சம். பயிற்சி முடிய நாள் இருந்தால் அந்த நான்கைத் திருத்திவிடுங்கள், பையனிடம் சொல்லிவிட்டே. சிறுமியின் பத்தை அடிக்க வேண்டாம். அவளைத் தனியாக உட்காரவைத்து, படம் இல்லாத, அவள் முன்பு பார்த்திராத நான்கு வரியைக் கொடுங்கள். எங்கே நின்றாள் என்று எனக்கு எழுதுங்கள்.