40 மடங்கு ஜூம் நமக்கு எதற்கு?

கேள்வி: எனக்குத் திங்கள்சந்தை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் முட்டம், கன்னியாகுமரி, தேரூர் குளம் என்று படம் எடுக்கக் கிளம்பிவிடுவேன். இதுவரை செல்போன்தான். சின்னதாக ஒரு கேமரா வாங்கலாம் என்று கடைக்குப் போனால் 40 மடங்கு ஜூம் உள்ள கேனன் எஸ்எக்ஸ்740-ஐக் காட்டினார்கள். நண்பர் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ஐச் சொல்கிறார். அதில் ஜூம் 8 மடங்குதான், விலையோ மிகக் கூடுதல். எதை வாங்க?

பதில்: ஜூம் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, உள்ளே ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரைப் பாருங்கள். கேனனில் இருப்பது 1/2.3 அங்குல வகை. சோனியில் 1 அங்குல வகை. பரப்பளவில் ஏறக்குறைய நாலு மடங்கு பெரிது. முக்கடல் சங்கமத்தில் சூரியன் எழும் முன் இருக்கும் மங்கல் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சின்ன சென்சாரில் வானம் புள்ளி புள்ளியாக வரும். இன்னொன்று, இப்போதைய நல்ல செல்போன்கள் பலவற்றின் முக்கிய கேமராவில் 1/2.3-ஐ விடப் பெரிய சென்சார் இருக்கிறது. வெறும் இயற்கைக் காட்சிக்காக அந்தக் கேமராவை வாங்கினால் காசுதான் போகும்.

சரி, ஜூம்? வள்ளுவர் சிலை 133 அடி. அரை கிலோமீட்டர் தள்ளி நின்று, சோனி ஜூமின் கடைசி எல்லையான 200 மி.மீ. குவியத் தூரத்தில் எடுத்தாலும் படத்தின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சிலையே நிரப்பிவிடும். இதற்கு மேல் எதற்கு?

தேரூர் பறவைகளுக்கு அது போதாது, ஒத்துக்கொள்கிறேன். நடுக்குளத்தில் நிற்கும் கூழைக்கடாவுக்கு 200 மி.மீ. எட்டாது. ஆனால் கேனனை 960 மி.மீ. வரை இழுத்தால் லென்ஸின் துளை எஃப் 6.9 ஆகச் சுருங்கிவிடும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகமாக இருக்க வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சமோ குறைகிறது. கேமராவே ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் அளவை ஏற்றும், இறகெல்லாம் மெழுகு பூசினது போல் ஆகும். மதியம் போனால் தண்ணீருக்கு மேலே கானல் வேறு ஆடும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் அதில் இல்லை. கையை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டு, அவ்வளவு ஜூமில் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது மணக்குடிக்கே போய்விடும். பறவைதான் முக்கியம் என்றால் பையில் அடங்கும் கேமரா என்ற ஆசையை விடுங்கள்.

வியூஃபைண்டர் நம் ஊரில் பறவைக்கு மட்டும் தேவைப்படுவதல்ல. முட்டம் பாறையில் பத்து மணி வெயிலில் எந்தத் திரையும் கண்ணாடி மாதிரி உங்கள் முகத்தைத்தான் காட்டும். சோனியில் சின்ன வியூஃபைண்டர் ஒன்று மேலே எழும்பி வரும். நான் அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பேன்.

விற்பவர்கள் சொல்லாத ஒன்று மணலும் உப்பும். இரண்டு கேமராவிலும் லென்ஸ் குழல் போல வெளியே நீண்டு உள்ளே போகும். காற்று அடிக்கும்போது அந்த இடுக்கு வழியே மணல் ஏறினால் நாமாகத் துடைக்க முடியாது, சர்வீஸில் கழற்றித்தான் ஆக வேண்டும். கடற்கரையில் கேமராவை அணைப்பதும் போடுவதுமாக இருக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கேமராவின் உடம்பைத் துடையுங்கள்; சட்டை நுனியால் லென்ஸைத் தேய்க்கிற பழக்கம் வேண்டாம். திற்பரப்பு அருவிக்குள்ளேயே நின்று எடுப்பவர் என்றால் ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7 தனி வகை. 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும், லென்ஸ் வெளியே நீளாது. சென்சார் மட்டும் சின்னதுதான்.

உங்களுக்கு என் பதில் சோனி, அல்லது பழைய மாடலானாலும் 1 அங்குல சென்சாரும் வியூஃபைண்டரும் உள்ள வேறொன்று. வாங்குமுன் ஒரு மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். கடை வாசலுக்கு வந்து வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள், எதிர்க்கடை போர்டை முழு ஜூமில் எடுங்கள், வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுநாள் பணம் கட்டலாம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கேமராவில் மூன்றே மாதத்தில் லென்ஸ் சிக்கிக்கொண்டது. இந்திய வாரண்டி இல்லை என்று சர்வீஸில் கைவிரிக்கிறார்கள். விற்றவர் டெல்லியில். வழக்குக்கு அங்கே போக வேண்டுமா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், அதாவது நாகர்கோவிலில். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அச்சிட்ட ஸ்டிக்கர் இல்லை என்றால் உடனே போட்டோ எடுத்து வையுங்கள், அது உங்களுக்குச் சாதகமான சாட்சி. சந்தையில் யாரிடமாவது கொடுத்து லென்ஸைத் திறக்க மட்டும் விடாதீர்கள். நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று சொல்ல அவர்களுக்கு அது போதும்.