ஜப்பான் மயக்கியதா, பிள்ளைகள் கட்டியதா?

கேள்வி: ஜெர்மனியில் டூசல்டோர்ஃப் அருகே வசிக்கிறோம். பதினேழு வயது மகள், டொகோமி என்ற அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) விழாவுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து ஏதோ கார்ட்டூன் பாத்திரத்தின் உடையைத் தைக்கிறாள். முப்பது வயதுக்காரர்கள்கூட அங்கே வேடம் கட்டித் திரிகிறார்களாம். ஜப்பான் தன் சரக்கை விற்பதற்காக ஐரோப்பியப் பிள்ளைகளை மயக்கி வைத்திருக்கிறது. சொந்தப் பண்பாடு இல்லாத ஒரு தலைமுறை உருவாகிறது. இதைக் கண்டித்து எழுதுவீர்களா? (ஒரு வாசகர், ஜெர்மனி)

பதில்: எழுத மாட்டேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பான் மயக்கியது என்கிறீர்கள். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று பாருங்கள். தன் கலைப் பொருட்களை வெளிநாடுகளில் பரப்புவதற்காக ஜப்பான் அரசு ‘கூல் ஜப்பான்’ நிதியத்தை அமைத்தது 2013இல். பார்சிலோனாவின் மங்கா (ஜப்பானியப் படக்கதை) விழா 1995இலேயே தொடங்கிவிட்டது. பாரிசின் ஜப்பான் எக்ஸ்போ விழா 1999இல் தொடங்கியது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தவரா மயக்கியவர்?

அதற்கும் முன்பு ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காரர்களே. 1976இல் இத்தாலியின் அரசியல்சாசன நீதிமன்றம் உள்ளூர்த் தனியார் ஒளிபரப்புக்கு வழிவிட்டது. அங்கங்கே முளைத்த நிலையங்களுக்கு நேரத்தை நிரப்ப ஏதாவது தேவைப்பட்டது. ஜப்பானியத் தொடர்கள் மலிவாகக் கிடைத்தன. 1978 ஏப்ரலில் இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியும், ஜூலையில் பிரான்சின் அரசுத் தொலைக்காட்சியும் ஒரே ராட்சத ரோபோ தொடரை ஒளிபரப்பின. உங்கள் ஜெர்மன் அண்டை வீட்டுக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தால், சிறு வயதில் ‘ஹைடி’யும் தேனீ ‘மாயா’வும் பார்த்தாரா என்று கேளுங்கள். நிச்சயம் பார்த்திருப்பார். இரண்டும் ஜப்பானில் வரையப்பட்டவை என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். சுவிட்சர்லாந்து எழுத்தாளரின் ‘ஹைடி’ கதையை டக்காஹாட்டா இசாவ் டோக்கியோவிலிருந்து இயக்கினார். அது 1977இல் ஜெர்மனிக்கு வந்தது. அந்தத் தலைமுறை கெட்டுப்போகவில்லை.

உங்கள் கோபமும் புதிதில்லை. 1971இல் ஒரு ஜப்பானியப் பந்தயக் கார் தொடரை ஜெர்மனியில் சில பகுதிகளோடு நிறுத்தினார்கள். வன்முறை என்று எதிர்ப்பு எழுந்தது. 1980இல் இத்தாலியின் இமோலா நகரில் அறுநூறு பெற்றோர் கையெழுத்திட்டு ரோபோ தொடர்களை எதிர்த்தார்கள். 1989இல் பிரான்சில் செகொலேன் ருவாயால், பிற்பாடு அதிபர் தேர்தலில் நின்றவர், ஜப்பானியத் தொடர்களைச் சாடி ஒரு புத்தகமே எழுதினார். 1997இல், அந்தத் தொடர்களைச் சுமந்துவந்த ‘கிளப் டோரொத்தே’ நிகழ்ச்சி முடிவுக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் சில மாணவர்கள் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் ஜப்பான் எக்ஸ்போவைத் தொடங்கினார்கள். முதல் முறை வந்தவர்கள் சில ஆயிரம் பேர். 2019இல் பாரிசை அடுத்த வில்பாந்த் கண்காட்சி மண்டபத்துக்கு வந்தவர்கள் இரண்டரை லட்சம். தொலைக்காட்சி கதவை அடைத்த பிறகு, பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தாங்களே ஓர் இடம் பிடித்தார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இப்போது பண்பாட்டுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது அதுதான்.

பார்சிலோனா வட்டாரத்தில் பேசும் கத்தலான், ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் பள்ளியிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் விரட்டப்பட்ட மொழி. அந்த மொழிக்கென்றே 1983இல் தொடங்கப்பட்டது டிவி3 நிலையம். 1990 பிப்ரவரியில் அது ‘டிராகன் பால்’ தொடரைக் கத்தலானில் குரல் மாற்றி ஒளிபரப்பத் தொடங்கியது. தெற்கு ஸ்பெயினிலிருந்து பிழைப்புக்காக வந்த குடும்பங்களின் பிள்ளைகள், வீட்டில் ஸ்பானிஷ் மட்டுமே கேட்டவர்கள், மாலையில் கத்தலானைக் கேட்க ஓடிவந்தார்கள். இலக்கணப் புத்தகம் செய்யாத வேலையை அந்தத் தொடரின் நாயகனான, வால் முளைத்த ஒரு சிறுவன் செய்தான். ‘டிராகன் பால்’ மங்காப் புத்தகம் அப்போது அங்கே அச்சில் இல்லை. ஜப்பானியப் பக்கங்களை நகலெடுத்து, பார்சிலோனாவின் சான்ட் அன்டோனி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிள்ளைகள் கைமாற்றிக்கொண்டார்கள். அதைப் பார்த்து விழித்துக்கொண்ட பதிப்பகம் 1992இல் கத்தலானிலும் ஸ்பானிஷிலும் புத்தகத்தை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளில் விழா வந்தது. வெளியிலிருந்து வந்த கதை உள்ளூர் மொழியைத் தின்றுவிடும் என்று சொல்பவர்கள் பார்சிலோனாவுக்குப் பதில் சொல்லட்டும். மொழியை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தோடு அயல்நாட்டில் பிள்ளை வளர்க்கும் நீங்கள் இந்தக் கதையை இரண்டு முறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இறக்குமதி மட்டுமே நடக்கிறது என்பதும் தவறு. பிரெஞ்சுக்காரரான டோனி வாலான்ட் மங்கா படித்து வளர்ந்து, மங்கா வடிவிலேயே ‘ரேடியன்ட்’ வரைந்தார். அது ஜப்பானில் வெளியாகி, 2018இல் ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியில் அனிமே தொடராகவும் வந்தது.

வேடம் கட்டுவதைப் பற்றி: உங்கள் மகளின் அறைக்குள் போய், அவள் தைத்த உடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். காஸ்பிளே எனப்படும் வேடம் கட்டும் போட்டிகளில் நடுவர்கள் பார்ப்பதும் அதைத்தான்: தையல் நேராக இருக்கிறதா, ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறதா, கடையில் வாங்கியது எவ்வளவு, கையால் செய்தது எவ்வளவு. நுரைத் தகட்டைச் சூடாக்கி வளைத்துக் கவசம் செய்ய வேண்டும். விக்கை வெட்டி ஒட்ட வேண்டும். சிறு விளக்குகளுக்கு மின் இணைப்புக் கொடுக்க வேண்டும். பாரிசில் இறுதிச் சுற்று நடக்கும் ஐரோப்பியப் போட்டிக்குப் பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். நகோயாவில் நடக்கும் உலகப் போட்டியில் இத்தாலியர்கள் ஜப்பானியர்களின் ஊரிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை வென்றிருக்கிறார்கள்.

இந்த விழாக்களில் பலவற்றை நடத்துபவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். ஜெர்மனியில் 2000இல் உருவான அனிமெக்ஸ் சங்கத்தின் உறுப்பினர்கள்தான் கொன்னிச்சி அனிமே விழாவை நடத்துகிறார்கள். மேடை அமைப்பதும், வரிசையை ஒழுங்குபடுத்துவதும், குப்பை அள்ளுவதும் அவர்களே. உங்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஆண்டுதோறும் நம்மவர்கள் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். அந்தத் தேரையும் விடுமுறை எடுத்து வந்த தொண்டர்களே இழுத்துச் செல்கிறார்கள். பக்தியையும் பொழுதுபோக்கையும் நான் ஒன்றாக்கவில்லை. பிடித்ததற்காக ஊர்கூடிக் கூலியில்லாமல் உழைக்கும் பழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு பதினேழு வயதுப் பெண் அதைக் கற்றுக்கொள்வதில் உங்களுக்கு என்ன நட்டம்?

உங்கள் கவலையில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை என்று நினைக்க வேண்டாம். விழாக்கள் வளர வளர வணிகமும் வளர்ந்துவிட்டது. நுழைவு டிக்கெட், தங்கும் அறை, பொம்மைக் கடை என்று பள்ளிப் பிள்ளையின் பணம் கரைகிறது; தான் வரைந்ததை விற்க வரும் இளைஞர்களின் சிறு மேசைகள் பெரிய நிறுவனங்களின் அரங்குகளுக்கிடையே நசுங்குகின்றன. இதைவிடக் கடுமையான ஒன்றும் உண்டு. வேடத்தில் இருக்கும் பெண்ணைக் கேட்காமல் படம் எடுப்பவர்களும், தோளில் கை போடுபவர்களும் எல்லா ஊரிலும் வருகிறார்கள். வேடம் கட்டியிருப்பதே தொடுவதற்கான அனுமதி ஆகாது என்ற விதியை விழாக்கள் எழுதி ஒட்டியிருப்பதே அதனால்தான். உங்கள் கோபத்தை அங்கே செலவிடுங்கள். வேண்டாம் என்று உரக்கச் சொல்லவும், தொண்டர்களிடம் உடனே புகார் செய்யவும் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது. அவள் செய்யும் உடையோடு துப்பாக்கியோ வாளோ சேர்ந்தால், விழாவின் ஆயுத விதிகளை அவளோடு உட்கார்ந்து படியுங்கள். அசல் துப்பாக்கிபோலத் தோன்றும் போலியைப் பொது இடத்தில் ஏந்திச் செல்வதை ஜெர்மன் சட்டம் 2008 முதல் தடுக்கிறது; ரயிலில் பூட்டிய பையில்தான் கொண்டுபோக வேண்டும். கூடவே உங்களுக்கும் ஒரு டிக்கெட் வாங்குங்கள். டூசல்டோர்ஃப் உங்களுக்குப் பக்கம்தானே. போய்ப் பார்த்த பிறகும் கண்டிக்கத் தோன்றினால் எழுதி அனுப்புங்கள், ஒரு வரி வெட்டாமல் வெளியிடுகிறேன்.