60 நோயாளிகள்தான் கிடைப்பார்கள் என்றால் ஆய்வைத் தொடங்குவது நியாயமா?

நீங்கள் கொடுத்த விவரம்: இரத்த அழுத்த மருந்து, இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 30 பேர், எதிர்பார்க்கும் வித்தியாசம் 5 மி.மீ., திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு மாறுபடுகிறது என்பது) 10. இப்படியே தொடங்கக் கூடாது என்பதுதான் என் பதில்.

இருபக்கச் சோதனை (வித்தியாசம் எந்தப் பக்கம் இருந்தாலும் பார்ப்பது), 5% ஆல்பா (பலனே இல்லாதபோது இருப்பதாக முடிவுசெய்யும் வாய்ப்பு), 80% பவர் (உண்மையான பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்றால் கணக்கு எளிது. திட்ட விலக்கத்தை வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 16ஆல் பெருக்குங்கள். பிரிவுக்கு 64 பேர் வரும். 90% பவருக்கு 16க்குப் பதில் 21. பாதியில் 15% பேர் விலகுவார்கள் என்றால் 64ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும்: 76. பலர் 1.15ஆல் பெருக்கி 74 என்று எழுதிவிடுகிறார்கள், அது போதாது.

பிரிவுக்கு 30 பேரை வைத்தால் பவர் சுமார் 48%தான். மருந்து உண்மையிலேயே 5 மி.மீ. குறைத்தாலும் அது தெரியவருவது காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி. இன்னொரு சிக்கலைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. இந்த அளவில் பி மதிப்பு (பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே போக, வித்தியாசம் ஏறக்குறைய 5.2ஐத் தாண்ட வேண்டும். ஆகவே "வெற்றி" கிடைத்தாலும் அது மருந்தின் பலனை மிகைப்படுத்தியே காட்டும். பக்கவிளைவையும் பரிசோதனைகளையும் ஏற்றுக்கொண்டு வருபவர்களுக்கு இது நியாயமில்லை.

பெரிய தவறு எங்கே நடக்கிறது தெரியுமா? 60 பேருக்குப் பொருந்தும்படி வித்தியாசத்தை 7.3 என்று மாற்றி எழுதுவதில். கணக்கு சரியாக இருக்கும், எதிக்ஸ் கமிட்டியும் ஒப்புதல் தந்துவிடலாம். ஆனால் அந்த 7.3ஐ மருத்துவக் காரணத்தோடு விளக்க முடியாவிட்டால் அது ஏமாற்று. சிறிய முன்னோட்ட ஆய்வின் திட்ட விலக்கத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அது உண்மையைவிடக் குறைவாக வரவே வாய்ப்பு அதிகம். 10க்குப் பதில் 12 ஆனாலே 64 என்பது 92க்கு மேல் போய்விடும்.

நேர்மையான வழிகள் உண்டு. தொடக்க அளவீட்டைச் சேர்த்து ஆன்கோவா (தொடக்க அளவைக் கணக்கில் எடுத்துப் பிரிவுகளை ஒப்பிடும் முறை) செய்தால், தொடக்க, இறுதி அளவுகளின் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதன் அளவு) 0.7 என்னும்போது பிரிவுக்குத் தேவை 64இலிருந்து சுமார் 33ஆகக் குறையும். விலகுபவர்களைச் சேர்த்தால் 39. இன்னொரு மையம் இணைந்தால் எட்டிவிடலாம். அரிய நோய் என்றாலோ, பிற ஆய்வுகளோடு தொகுக்க முன்கூட்டியே திட்டமிட்டிருந்தாலோ சிறிய ஆய்வும் ஏற்கத்தக்கதே. ஆய்வு சிறியது என்பதையும் அதன் காரணத்தையும் ஒப்புதல் படிவத்தில் பங்கேற்பாளருக்குப் புரியும்படி எழுதிவிடுங்கள்.