விண்ணுக்குப் போகுமுன் ஒரு செயற்கைக்கோள் படும் பாடு

கேள்வி: கடலையும் காற்று மண்டலத்தையும் கண்காணிக்கும் செயற்கைக்கோள்களைக் கட்டி முடித்த பிறகும் மாதக்கணக்கில் சோதிக்கிறார்களே, அப்படி என்னதான் சோதிக்கிறார்கள்?

பதில்: மேலே போய்விட்ட ஒன்றைப் பழுதுபார்க்கப் பெரும்பாலும் வழியில்லை. ஆகவே, அது சந்திக்கப்போகும் தொல்லைகளைத் தரையிலேயே வரவழைத்துப் பார்த்துவிடுகிறார்கள். ராக்கெட்டின் குலுக்கலுக்கு அதிர்வு மேசையும், அதன் பேரிரைச்சலுக்கு 140 டெசிபலைத் தொடும் ஒலியறையும், வெற்றிடத்துக்கும் மாறி மாறி வரும் வெயில் நிழலுக்கும், காற்றை வெளியேற்றிச் சுவர்களைத் திரவ நைட்ரஜனால் குளிரவைக்கும் வெப்ப வெற்றிட அறையும் இருக்கின்றன.

இவற்றில் அதிர்வுச் சோதனை நடக்கும் விதம் அழகானது. முதலில் மிக மெல்லிய அதிர்வைக் கொடுத்து, உடலெங்கும் ஒட்டியிருக்கும் முடுக்கமானிகள் என்ற அதிர்வு உணரிகள் மூலம் செயற்கைக்கோளின் இயல்பதிர்வெண்களை, அதாவது எந்தெந்த அதிர்வு வேகங்களில் அது மிகுதியாக ஆடுகிறது என்பதை, வரைபடமாகப் பதிவுசெய்துகொள்கிறார்கள். பிறகு பலமாகக் குலுக்குகிறார்கள். அது ஓய்ந்ததும் மறுபடியும் அதே மெல்லிய அதிர்வு. இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஏதாவது ஒரு சிகரம் இடம் நகர்ந்திருந்தால், எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு பகுதி விரிசல் விட்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத குறையை எதையும் பிரிக்காமலே அந்த நகர்வு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பெரிய கருவிகளைப் போலவே சிறிய உறுப்புகளையும் விடாமல் சோதிக்க வேண்டும் என்பதற்குச் சீசாட் ஓர் உதாரணம். கடலாய்வுக்கென்றே நாசா 1978-இல் ஏவிய அந்தச் செயற்கைக்கோளின் ரேடார்கள் நல்ல தரவுகளைத் தந்துகொண்டிருந்தபோதே, சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரத்தைக் கடத்தும் சுழல் இணைப்பில் குறுக்குச்சுற்று ஏற்பட்டு, ஏறத்தாழ 105 நாட்களில் அது முடங்கிப்போனது.

கேள்வி: செயற்கைக்கோளைச் சுற்றியிருக்கும் பொன்னிறத் தாள் உண்மையிலேயே தங்கமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அது பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் படலம்; அதன் இயல்பான நிறமே தேன் நிறம்தான். பின்புறம் பூசிய அலுமினியம் அதன் வழியே மின்னுவதால் தங்கம்போலத் தெரிகிறது. இத்தகைய மெல்லிய படலங்கள் பல அடுக்குகளாகச் சேர்ந்து வெப்பக் காப்பாகின்றன.

கேள்வி: 1,300 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்துகொண்டு, கடல்மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது என்று சொல்வது நம்பும்படியாக இல்லையே?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது, அந்தத் துறையினரின் கவலையும் அதுவேதான். செயற்கைக்கோள் கீழ்நோக்கி ரேடார் துடிப்பை அனுப்பி, அது கடலில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. தொலைவில் ஒரு சென்டிமீட்டர் பிழை என்பது, போக வர சேர்த்து, ஒரு வினாடியின் லட்சம் கோடியில் 67 பங்கு நேரப் பிழைதான். தனியொரு துடிப்பால் இந்தத் துல்லியத்தை எட்ட முடியாது. வினாடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்புகளின் சராசரியைக் கொண்டே எட்டுகிறார்கள். அதுவும் போதாது. வழியிலுள்ள நீராவி ரேடார் அலையைத் தாமதப்படுத்துவதால், ஈரமான பகுதிகளில் தொலைவு 40 சென்டிமீட்டர் வரை கூடுதலாகத் தோன்றும். எனவே நீராவியை அளக்கும் மைக்ரோவேவ் கதிர்மானியையும் உடன் அனுப்புகிறார்கள். மின்னூட்டத் துகள்கள் நிறைந்த மேலடுக்கான அயனி மண்டலம் தரும் தாமதத்தைக் கணக்கிட ரேடார் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது.

என் பார்வையில், குலுக்கலைத் தாங்குகிறதா என்று பார்ப்பது இந்த வேலையில் எளிய பாதிதான். கருவி சொல்லும் எண் சரியா, அது ஆண்டுகள் போகப் போக மெல்ல விலகாமல் இருக்கிறதா என்பதே கடினமான பாதி. அந்தச் சோதனை ஏவிய பிறகும் முடிவதில்லை. கலிபோர்னியக் கடற்கரைக்கு அப்பாலுள்ள ஹார்வெஸ்ட் எண்ணெய் மேடையிலும், மத்தியதரைக் கடலின் கோர்சிகா தீவிலும் நேரடியாக அளந்த கடல்மட்டத்தோடு, மேலிருந்து அளந்ததை ஒப்பிடுகிறார்கள். 2020 நவம்பரில் ஏவப்பட்ட சென்டினல்-6 என்ற கடல்மட்டச் செயற்கைக்கோளை, அதற்கு முந்தைய ஜேசன்-3-க்குச் சுமார் 30 வினாடி இடைவெளியில் ஒரே பாதையில் நெடுநாள் பறக்கவிட்டு, இரண்டும் ஒரே கடலை ஒரே விதமாக அளக்கின்றனவா என்று பார்த்தார்கள். 1992-இல் டோபெக்ஸ்/பொசைடன் என்ற செயற்கைக்கோள் தொடங்கிவைத்த கடல்மட்டப் பதிவு இத்தகைய ஒப்பீடுகளால்தான் இன்றுவரை அறாமல் நீள்கிறது.

கடலின் நிறத்தைக் கொண்டு பாசி உயிர்களைக் கணிக்கும் கருவிகளுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். அவற்றை எட்டும் ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதம் காற்று மண்டலம் சிதறடித்தது. கடலுக்குள்ளிருந்து வருவது மிச்சமுள்ள சொற்பம். மொத்த அளவீட்டில் 1 சதவீதம் பிசகினால், கடலைப் பற்றிய கணக்கில் அது 10 சதவீதமாகிவிடும். அதனால்தான் ஹவாயின் லனாய் தீவருகே மோபி என்ற மிதவையை நிறுத்தி, நீரிலிருந்து எழும் ஒளியை அங்கேயே அளக்கிறார்கள்.

கேள்வி: தரைச் சோதனையால் உண்மையில் பெரிய குறை எதுவும் பிடிபட்டதுண்டா? தரையில் இருக்கும்போதே விபத்து நேர்ந்ததுண்டா?

பதில்: இரண்டும் உண்டு. லேசர் கொண்டு காற்றின் வேகத்தை அளக்க ஐரோப்பிய விண்வெளி முகமை உருவாக்கிய ஏயோலஸ், 2007-இல் பறந்திருக்க வேண்டியது. வெற்றிடத்தில் பசை முதலிய பொருட்களிலிருந்து கசியும் நுண்ணிய ஆவி லென்சுகளில் படிய, புற ஊதா லேசர் அதைக் கருக்கிவிடுவது சோதனைகளில் தெரியவந்தது. கருவிக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆக்சிஜனைக் கசியவிட்டு, அந்தப் படிவு சேராமல் தடுத்தார்கள். இதுபோன்ற லேசர் சிக்கல்களைத் தீர்த்து, 2018 ஆகஸ்டில்தான் அதை ஏவ முடிந்தது. அது தந்த காற்றுத் தரவுகள் 2020-இல் அன்றாட வானிலைக் கணிப்பில் சேர்க்கப்பட்டன.

விபத்துக்கு வருவோம். 2003 செப்டம்பர் 6 அன்று, கலிபோர்னியாவின் சன்னிவேலில், நோவா-என் பிரைம் என்ற வானிலைச் செயற்கைக்கோளைப் படுக்கைவாக்கில் சாய்த்தபோது, அது தாங்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. செயற்கைக்கோளைத் தாங்கியோடு பிணைக்கும் தகட்டின் 24 திருகுகளை வேறொரு குழு கழற்றி எடுத்திருந்தது, அதைப் பதிவுசெய்யவில்லை. சாய்த்த குழுவும் திருகுகள் இருக்கின்றனவா என்று பார்க்கவில்லை. பழுதுநீக்கச் செலவு சுமார் 13.5 கோடி டாலர். செப்பனிட்டு மறுபடியும் சோதித்த அதே செயற்கைக்கோள் 2009 பிப்ரவரியில் ஏவப்பட்டு, நோவா-19 என்ற பெயரில், திட்டமிட்ட ஆயுளைத் தாண்டியும் தரவுகளை அனுப்பியது.