அயர்ன் பாக்ஸும் ஒரு விமானமும்: கேள்வி பதில்

முதல் ரிமோட் விமானம் கட்டுற வட சென்னைக்காரங்க கேட்ட கேள்விகள் இவை, முன்னாடி இருக்கிறது அவங்க ஏரியா பேர். திருவொற்றியூர் மொட்டை மாடியில பல வருஷமா பால்சாங்கிற லேசான மரத்தோட தூசி தின்னவன்ங்கிற தகுதியில பதில் சொல்றேன்.

காசிமேடு: மீன் பெட்டி தெர்மாகோல் சும்மா கிடைக்குது அண்ணா. இறக்கை வெட்டலாமா?

வெட்டலாம் தம்பி, நல்லா கழுவிக் காயவை. ஃபெவிக்விக் மட்டும் கிட்ட வரக் கூடாது, ஊத்தின இடம் கரைஞ்சு குழி விழும். ஸ்ப்ரே பெயிண்டும் அதே கதைதான். ஃபெவிகால் இல்லைன்னா அரால்டைட் போடு. நடுவுல மூங்கில் பட்டை ஒண்ணு நீளவாக்குல போகணும், இல்லைன்னா முதல் திருப்பத்துலயே இறக்கை மடங்கும். மேல பேக்கிங் டேப் ஒட்டறப்போ மேல் கீழ் ரெண்டு பக்கமும் ஒரே இழுப்பு இருக்கட்டும். ஒரு பக்கம் அதிகமா இழுத்தா இறக்கை வில்லா வளையும்.

பெரம்பூர்: 120 செ.மீ. பால்சா கிட் கட்டினேன் சார். ஃபிலிம் (சூடு காட்டினா ஒட்டி இறுகற பிளாஸ்டிக் உறை) ஒட்டினப்போ பளபளன்னு இருந்துச்சு. ரெண்டு வாரத்துல சுருக்கம்!

எப்போ ஒட்டினீங்க? நம்ம பக்கம் மழைக்காலத்துல பால்சா ஈரம் குடிச்சு உப்பியிருக்கும். அப்புறம் வெயில்ல மரம் காய்ஞ்சு சுருங்கினா மேல இருக்கிற ஃபிலிம் தொளதொளன்னு ஆயிடும். இன்னொரு காரணமும் உண்டு. ஃபிலிமுக்கு ரெண்டு சூடு: குறைஞ்ச சூட்டுல ஓரத்தை ஒட்டணும், அதிக சூட்டுல நடுவை இழுக்கணும். நிறைய பேர் முதல் வேலையோட நிறுத்திடறாங்க. எவ்வளவு சூடுன்னு ரோல் மேல போட்டிருப்பான். உதிரி மரத்துல ஒட்டிப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

வீட்டு அயர்ன் பாக்ஸே போதும், ஸ்டீம் வேணாம். அடியில பழைய காட்டன் சாக்ஸ் மாட்டினா கீறல் விழாது. ஒட்டறதுக்கு முன்னாடி தூசியைத் துடைக்காம விட்டா ஃபிலிம் தூசியிலதான் ஒட்டும், மரத்துல இல்ல. முதல்ல இறக்கையோட அடிப்பக்கம், அப்புறம் மேல்பக்கம். ரிப்புக்கு ரிப்பு (ரிப்புன்னா இறக்கைக்குள்ள குறுக்க நிக்கிற பட்டை) குண்டூசி ஓட்டை ஒண்ணு போட்டு வைங்க. உள்ள சூடாகிற காத்து வெளிய போக வழி வேணும்ல?

எனக்கு சுருக்கம் பெரிய கவலை இல்ல. முறுக்கம்தான் கவலை. இறக்கையை கிரானைட் மேடையில வைங்க. ஒரு மூலை தூக்கியிருந்தா, ஒருத்தர் எதிர்ப்பக்கமா முறுக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் ரெண்டு பக்கமும் சூடு காட்டணும். ஆறுற வரைக்கும் பிடி விடக் கூடாது. என் முதல் விமானம் இடப்பக்கமே சாஞ்சு போச்சு. மாசக்கணக்கா மோட்டாரைத் திட்டிக்கிட்டிருந்தேன்.

வியாசர்பாடி: ஏலரான் (இறக்கையோட பின் ஓரத்துல அசையற மடல்) வெக்கணுமா?

முதல் விமானத்துக்கு வேணாம். ரட்டர் (வால்ல இட வலம் திருப்பறது), எலிவேட்டர் (வால்ல மேல கீழ ஏத்தி இறக்கறது), மோட்டார், மூணு போதும். 120 செ.மீ. இறக்கைன்னா ரெண்டு முனையும் நடுவை விட 5 செ.மீ. உசரமா இருக்கட்டும், சாஞ்சா தானா நிமிரும்.

தண்டையார்பேட்டை: ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்களுக்குப் போறேன். என்ன வாங்கட்டும்?

2212 சைஸ் பிரஷ்லெஸ் மோட்டார், 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுத்து). 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற சர்க்யூட்). ரட்டரையும் எலிவேட்டரையும் அசைக்கிற குட்டி மோட்டாரான 9 கிராம் சர்வோ ரெண்டு. மூணு செல் 2200 mAh லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. லிப்போவை முழு சார்ஜ்ல பீரோவுல பூட்டி வைக்காதீங்க. ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்ல வைங்க.

கொருக்குப்பேட்டை: பேலன்ஸ் எப்படிப் பார்க்கிறது?

காத்தாடிக்கு சூத்திரம் கட்டத் தெரிஞ்சவங்க கேட்கிற கேள்வியா இது! சூத்திரம் கொஞ்சம் நகர்ந்தாலே காத்தாடி குட்டிக்கரணம் போடும்ல, இதுவும் அப்படித்தான். பேட்டரியெல்லாம் மாட்டின பிறகு பாருங்க. இறக்கை அகலம் 20 செ.மீ.ன்னா, முன் ஓரத்துல இருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள்ள ரெண்டு விரல்ல நிக்கணும். வால் தாழ்ந்தா பறக்கவே விடாதீங்க, பேட்டரியை முன்னாடி தள்ளுங்க.

எண்ணூர்: எங்க, எப்போ பறக்க விடலாம்?

முதல்ல டிஜிட்டல் ஸ்கைங்கிற அரசாங்க ட்ரோன் இணையதளத்துல வரைபடத்தைப் பாருங்க. 2021 ட்ரோன் விதிகள்படி சிவப்பு மண்டலத்துல அனுமதி இல்லாம எதுவும் பறக்கக் கூடாது. துறைமுகம், அனல் மின் நிலையம், மணலி ஆலைங்க பக்கம் யோசிக்கவே வேணாம். ஹை டென்ஷன் கம்பி இல்லாத திறந்த மைதானம், காலையில 6 மணி. நம்ம பக்கம் பகல்ல கடல் காத்து எறங்கிடுச்சுன்னா ஒரு கிலோகூட இல்லாத விமானத்தை அது மாதவரம் வரைக்கும் கூட்டிட்டுப் போயிடும். அன்னைக்கு மூட்டை கட்டிட்டு வீட்டுக்கு வந்துடுங்க.